முடிக்காமல் எழுந்திருப்பது

நீளமான தமிழ் வாக்கியம் ஒன்றைப் படிக்க எவ்வளவு ஞாபகசக்தி வேண்டும் என்பது, பிழைதிருத்தும் வேலையில் இத்தனை வருடம் உட்கார்ந்திருந்தும் எனக்கு உறைத்ததில்லை. நமக்கு வினைமுற்று கடைசியில்தான் வரும். யார், யாருக்கு, எங்கே, எதற்காக என்று வருவதையெல்லாம் மனதில் ஏந்திக்கொண்டே போய், ‘கொடுத்தார்’ என்றோ ‘மறுத்தார்’ என்றோ வந்த பிறகுதான் மொத்தத்தையும் இறக்கிவைக்கலாம். மூன்றாவது முறை தலையில் அடிபட்ட பிறகு, ‘கொடுத்தார்’ வந்து சேரும்போது யார் என்பது எனக்கு நழுவிப் போயிருக்கும். மறுபடி முதலிலிருந்து படிப்பேன். விட்டுப்போன ஒற்று கண்ணில் பட்டுவிடும். பன்மையில் தொடங்கிய வாக்கியம் ஒருமையில் முடிந்திருப்பது படாது. எழுத்தைப் பார்க்கிற கண் அப்படியே இருந்தது. வாக்கியத்தைத் தாங்கிப் பிடிக்கிற இடம்தான் பலவீனமாகியிருந்தது.

மூன்று அடியுமே சொல்லிக்கொள்ளும்படி இல்லை. முதலாவது, மழையில் ஸ்கூட்டர் சறுக்கியது. ஹெல்மெட் போட்டிருந்ததால் மண்டை தப்பியது. இரண்டாவது, மாமியார் ஊரில் பழைய வீட்டு நிலையில் இடித்துக்கொண்டது. மூன்றாவது, பஸ் சடன் பிரேக் போட்டபோது கம்பியில் மோதியது. முதல் இரண்டிலும் ஓரிரு வாரம் தலைவலி, எரிச்சல், தூக்கக் குழப்பம், பிறகு சரியாகிவிட்டது. மூன்றாவது அடிதான் இருப்பதில் லேசானது. அதுதான் மாதக்கணக்கில் படுத்தியது.

ஸ்கேன் நார்மல். எங்கள் வீட்டில் இது ஒரு தீர்ப்பு மாதிரி ஆகிவிட்டது. “ஸ்கேன்லதான் ஒண்ணும் இல்லைன்னுட்டாங்களே, அப்புறம் என்ன?” என்று கேட்காத உறவினர் இல்லை. சி.டி. ஸ்கேன் தேடுவது ரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும். மூளை அதிர்ச்சி என்னும் கன்கஷனில் பெரும்பாலும் இரண்டுமே இருக்காது. மண்டைக்குள் நீரில் மிதக்கிற மூளை ஒரு குலுக்குக் குலுங்கியதும், நரம்பணுக்களுக்குள் இருக்க வேண்டிய பொட்டாசியம் வெளியே கசிகிறது, வெளியே இருக்க வேண்டிய கால்சியம் உள்ளே புகுகிறது. அதையெல்லாம் பழையபடி இடம் மாற்ற ஏகப்பட்ட சக்தி வேண்டும். அதே நேரத்தில் ரத்த ஓட்டம் குறைந்துவிடுவதால் அந்தச் சக்திக்கான குளுக்கோஸ் போதுமான அளவு வந்து சேர்வதில்லை. லோ வோல்டேஜ் வீட்டில் மோட்டார் போட்டதும் விளக்கெல்லாம் மங்குவதைப் போல, ஒரு வேலை நடந்தால் மற்றதெல்லாம் படுத்துவிடும். இந்தப் பற்றாக்குறை தீருவதற்குள் இன்னொரு அடி விழுந்தால், அது சின்னதாக இருந்தாலும் சேதம் பெரிதாகலாம். அடி சேரச் சேர, அடுத்தது படும் வாய்ப்பும் கூடுகிறது, குணமாகும் காலமும் நீள்கிறது.

என்ன குறைந்தது என்பதைச் சமையலறை துல்லியமாகக் காட்டியது. குழம்பு மட்டும் வைக்கச் சொன்னால் நன்றாகவே வைப்பேன். ஒரு அடுப்பில் ரசம் நுரைகூடி வரவேண்டும், இன்னொன்றில் கடுகு வெடிக்கவேண்டும், குக்கர் விசிலை எண்ணவேண்டும், நடுவில் மகள் வந்து “ரெக்கார்டு நோட்டுல கையெழுத்துப் போடும்மா” என்பாள். அவ்வளவுதான். கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பினால், பெருங்காய டப்பாவைக் கையில் எடுத்தது போடுவதற்கா, போட்டுவிட்டு மூடுவதற்கா என்று தெரியாது. கடுகு கருகும் வாடை வரும். எத்தனை விசில் என்று யாரைக் கேட்பது? பெருங்காயம் இரண்டு முறை விழுந்த ரசத்தை எங்கள் வீட்டில் ஒன்றும் சொல்லாமல் குடித்தார்கள். அந்த மௌனம்தான் எனக்கு ஆத்திரமாக வந்தது. அப்படிச் சட்டென்று வரும் ஆத்திரமும் இந்த அடியின் சொத்துதான் என்று பிறகு டாக்டர் சொன்னார்.

ஆலோசனைக்குப் பஞ்சமில்லை. மாமியார், அடிபட்டவளைத் தூங்கவே விடக் கூடாது என்றார். முதல் நாள் கூடவே இருந்து கவனிக்க வேண்டியது அவசியம். வாந்தி, குழறல், கை கால் மரத்தல், எழுப்பினால் விழிப்பு வராமை என்று எது இருந்தாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும். ஆனால் டாக்டர் பார்த்து அனுப்பிய பிறகு தூக்கம்தான் மருந்து. சித்தி சுற்றிப் போட்டார். தெரிந்தவர் ஒருவர், இருட்டறையில் ஒரு மாதம் படுத்திருந்தால் சரியாகிவிடும் என்றார். இதைத்தான் ஒரு காலத்தில் மருத்துவர்களும் சொன்னார்கள். இப்போது அப்படியில்லை. 2022இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய விளையாட்டு மருத்துவ நிபுணர்களின் பரிந்துரை, முதல் 24–48 மணி நேரம் ஓரளவு ஓய்வு, அதற்குள்ளேயே மெல்ல நடக்க ஆரம்பி என்பதுதான்.

எவ்வளவு மெல்ல என்பதற்கு பஃபலோ பல்கலைக்கழகத்தின் ஜான் லெடி ஒரு வழி கண்டிருக்கிறார். டிரெட்மில்லில் நடக்கவிட்டு, எந்த இதயத் துடிப்பில் தலைவலியோ கிறுகிறுப்போ கூடுகிறதோ அதைக் குறித்துக்கொள்வார்கள். தினசரி உடற்பயிற்சி அந்த எல்லைக்குக் கொஞ்சம் கீழேயே நிற்கவேண்டும். பதின்வயது விளையாட்டு வீரர்களிடம் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், இப்படிப் பயிற்சி செய்தவர்கள் பொதுவாக 13 நாளில் தேறினார்கள். வெறும் கை கால் நீட்டும் பயிற்சி செய்தவர்களுக்கு 17 நாள் ஆனது.

எனக்கு டிரெட்மில் வாய்க்கவில்லை. மொட்டைமாடிதான். பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்த பயிற்சி ஒன்று பார்க்க வேடிக்கையாக இருக்கும்: கையை நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்தி, நகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் தலையை மட்டும் வலமும் இடமும் ஆட்டவேண்டும். முதலில் நகம் இரண்டாகத் தெரிந்தது, குமட்டியது. குமட்டல் தொடங்கியதும் நிறுத்திவிட வேண்டும் என்பது உத்தரவு. வேலைக்கும் அதே விதிதான். அலாரம் வைத்துக்கொண்டு புரூஃப் படி, தலை கனக்கும் முன்பே எழுந்திரு. “படுத்தே கிடந்தாலும் வராதும்மா, மல்லுக்கட்டினாலும் வராது” என்றார் டாக்டர்.

இதில் நடப்பதும் படிப்பதும் எனக்குக் கஷ்டமாக இல்லை. நிறுத்துவதுதான் கஷ்டம். எடுத்த காரியத்தை முடித்துவிட்டுத்தான் எழுந்திருக்கவேண்டும் என்று வளர்க்கப்பட்டவர்கள் நாம். இலையில் மிச்சம் வைக்கக் கூடாது, பாதிக் கோலத்தில் எழுந்து போகக் கூடாது. இன்னும் இரண்டு பக்கம்தானே என்று உட்கார்ந்த நாட்களில், அந்த இரண்டு பக்கத்துக்கு மறுநாள் முழுவதையும் வட்டியாகக் கட்டியிருக்கிறேன். முடியாதபோது நிறுத்துவது பெரிய விஷயமில்லை, உடம்பே நிறுத்திவிடும். முடியும் என்று தோன்றும்போதே நிறுத்துவதற்குத்தான் தனிப் பழக்கம் வேண்டியிருக்கிறது. பார்ப்பவர்களுக்கு அது சோம்பலாகத் தெரியும்.

கிரிக்கெட்டிலேயே இது சமீபத்து ஞானம்தான். கன்கஷனுக்கு மாற்று ஆட்டக்காரரை இறக்க ஐ.சி.சி. அனுமதித்தது 2019 ஆகஸ்டில். நம் நடராஜன் டி20யில் அறிமுகமான கான்பெரா ஆட்டம் நினைவிருக்கும். 2020 டிசம்பர், கடைசி ஓவரில் ஜடேஜா ஹெல்மெட்டில் பந்து பட்டது, அவருக்குப் பதில் வந்த சாஹல் மூன்று விக்கெட் எடுத்தார். அடிபட்ட பிறகும் நின்று ஆடினாரே, அவருக்கு என்ன வந்தது என்று அன்று பேச்சு எழுந்தது. அறிகுறி தாமதமாகவும் வரும் என்று அப்படிப் பேசியவர்களுக்குத் தோன்றவில்லை. அதே மாதத்தில் ஆஸ்திரேலிய இளைஞர் வில் புகோவ்ஸ்கிக்கு, இந்தியாவுடனான பயிற்சி ஆட்டத்தில் கார்த்திக் தியாகியின் பவுன்சர் ஹெல்மெட்டில் பட்டது. அதற்கு முன்பும் பல முறை அடிபட்டவர். தேறி வந்து 2021 ஜனவரியில் சிட்னி டெஸ்டில் 62 ரன் எடுத்தார். அவர் ஆடிய ஒரே டெஸ்ட் அதுதான். 2024 மார்ச்சில் மறுபடி ஹெல்மெட்டில் அடி. வீட்டுக்குள் நடப்பதே சிரமமாக இருந்தது, வீட்டு வேலையில் கைகொடுக்க முடியவில்லை என்று பிறகு அவரே சொன்னார். 2025 ஏப்ரலில், 27 வயதில், ஆட்டத்தை விட்டார். திறமை வீணாகிவிட்டது என்று வருந்தியவர்கள் அநேகம். மிச்சமிருக்கும் மூளையோடு இன்னும் ஐம்பது வருடம் வாழவேண்டியவர் அவர் என்று எனக்குத் தோன்றியது.

பயமும் இருக்கிறது. அமெரிக்கக் கால்பந்து வீரர் மைக் வெப்ஸ்டர் 2002இல் 50 வயதில் இறந்தபோது, பென்னட் ஒமாலு என்ற நோயியல் மருத்துவர் அவர் மூளையைப் பரிசோதித்து, வருடக்கணக்கில் வாங்கிய இடிகள் உண்டாக்கிய சிதைவைக் கண்டார். இதை ராத்திரியில் படித்துவிட்டுத் தூங்காமல் கிடந்தேன். ஆயிரக்கணக்கான முறை தலையால் மோதியவருடைய கதை அது, உங்களுடையது இல்லை என்று டாக்டர்தான் அதட்டினார்.

இப்போது நீண்ட வாக்கியம் கைக்குள் நிற்கிறது. காலையில் மட்டும் வேலை. பதிப்பாளரிடம் பக்கக் கணக்கில் கூலி பேசிக்கொண்டேன். கல்யாண மண்டபத்தில் தாலி கட்டும்வரை தாங்குவேன், பந்திக்கு நிற்கமாட்டேன். எத்தனை சதவீதம் தேறியிருக்கிறது என்று கேட்கிறார்கள். அளக்க வேண்டிய கருவியே அடிபட்டது, நான் எப்படி அளப்பேன்? மகள்தான் என் அளவுகோல். நான் பேச்சில் ஒரே விஷயத்தைத் திரும்பச் சொன்னால் எனக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. “போதும்மா, எழுந்திரு” என்பாள். எழுந்துவிடுவேன்.

வீட்டில் யாருக்காவது தலையில் அடிபட்டிருந்தால் ‘சரியாயிடுச்சா?’ என்று தயவுசெய்து கேட்காதீர்கள். அதற்கு ‘ம்’ என்பதைத் தவிர வேறு பதில் சொல்ல யாருக்கும் மனம் வராது. ‘இன்னைக்கு எவ்வளவு நேரம் முடிஞ்சுது?’ என்று கேளுங்கள். அதற்கு உண்மையைச் சொல்லலாம்.