உறை ஊற்றிய கடல்

சென்னைக் கொளத்தூரில் அலங்கார மீன் வியாபாரம் நடக்கும் தெருக்களுக்குள் காலை வேளையில் நுழைகிறவர், பிராணவாயு நிரப்பி ரப்பர் வளையம் போட்டுக் கட்டிய பிளாஸ்டிக் பைகள் கடைக்குக் கடை குவிந்து கிடப்பதையும், அவற்றுக்குள் பொன்மீன்களும் கப்பிகளும் சண்டை மீன்களும் நெளிவதையும் கண்டு, இது முழுக்க முழுக்க நன்னீர் மீன்களின் ராஜ்யம் என்று தீர்மானித்துவிடுவது இயல்புதான். நானும் பல வருஷங்கள் அப்படித்தான் எண்ணியிருந்தேன். அண்ணாநகரில் வசிக்கும் என் நண்பர் ஒருவர் தம் வீட்டுக் கூடத்தில் கடல்நீர்த் தொட்டி ஒன்று அமைக்க விரும்பி, அதற்குரிய வேலைக்காரர்களைப் பார்க்கப் போகையில் என்னையும் துணைக்கு அழைத்திராவிட்டால், அந்தத் தெருக்களின் பின்புறத்தில், தகரக் கொட்டகைகளின் கீழ், கடலையே செய்து கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்ற விஷயம் எனக்குத் தெரியவந்திராது.

நான் உற்சாகமாகப் புறப்பட்டேன் என்று சொல்ல இயலாது. பத்து வருஷங்களுக்கு முன்பு நானும் ஒரு கடல்நீர்த் தொட்டி வாங்கி, கடைக்காரர் சொன்னபடி அன்று மாலையே நான்கு மீன்களை விட்டு, மூன்றாம் நாள் விடிவதற்குள் நான்கையும் மண்ணில் புதைத்தவன். அந்த நீர் பளிங்குபோல் தெளிவாகவே இருந்தது. அவை ஏன் மாண்டன என்பது எனக்கு வெகுகாலம் விளங்கவில்லை. அந்தக் கேள்வியும் என்னோடு கொளத்தூருக்கு வந்தது.

கொட்டகையில் எங்களை வரவேற்றவர் அறுபது வயதைக் கடந்த ஒரு பெரியவர். கண்ணாடி ஒட்டுவது அவர் தொழில். நான்கடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் என்று நண்பர் அளவு சொன்னதும், அவர் காகிதமோ பென்சிலோ எடுக்காமல், "பன்னெண்டு எம்.எம். கண்ணாடி போடணும் சார், பத்துல போட்டா நான் ராத்திரி தூங்க மாட்டேன்" என்றார். அந்தக் கவலையின் நியாயத்தைப் பின்னர் நான் கணக்கிட்டுப் பார்த்தேன். பதினாறு கன அடி கொள்ளும் அந்தத் தொட்டியில் ஏறக்குறைய 450 லிட்டர் நீர் நிற்கும். நீரின் அழுத்தம் ஆழத்தைப் பொறுத்து ஏறுவதாகையால், தொட்டி விளிம்புவரை நிரம்பி நிற்கையில் முன்புறக் கண்ணாடி ஒன்றின் மீது மட்டும் சுமார் 230 கிலோ எடைக்குச் சமமான விசை, இரவும் பகலும் ஒரு கணமும் ஓயாமல், வெளிப்புறமாகத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. அதைத் தாங்கி நிற்பது, சுண்டுவிரல் அகலங்கூட இல்லாத ஒரு பசைக் கோடு.

அந்தக் கோட்டை அவர் இடுவதைப் பார்ப்பதற்காகவே நான் மறுநாளும் போனேன். வெட்டிய கண்ணாடிகளின் கூர் விளிம்புகளைத் தேய்த்து மழுக்கி, எண்ணெய்ப் பிசுக்குக் கொஞ்சமும் இல்லாமல் அசிட்டோனில் நனைத்த துணியால் இரண்டு முறை துடைத்து, அதன் பிறகு அவ்விடத்தைத் தம் கைவிரலும் தீண்டாதவாறு ஜாக்கிரதை செய்து, பசை பரவக் கூடாத எல்லையைக் காகித நாடாவால் கட்டிவிட்டு, சிலிகான் குழாயைத் துப்பாக்கியில் பொருத்தி அவர் ஒரே மூச்சில் இழுத்துக்கொண்டு போன கோடு, கோலமிடும் கை இழுப்பதைப்போல் எங்கும் தடிக்காமலும் எங்கும் மெலியாமலும் சென்றது. நடுவில் நிறுத்தினால் நிறுத்திய இடத்தில் காற்றுக் குமிழி அடைபடும். குமிழி அடைபட்ட இடமே பிற்காலத்தில் ஒழுகும் இடம். பக்கக் கண்ணாடியை நிறுத்தி அழுத்தியபின், அவர் தரையில் மண்டியிட்டுக் கண்ணாடியின் வழியே வெளிச்சத்துக்கு எதிராக அந்த இணைப்பை அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். பிறகு, பசைமேல் ஆடை படருவதற்கு முன்பாக நாடாவை உரித்தார். கொட்டகை முழுவதும் காடியின் புளித்த வாசனை கவிந்தது. அந்தப் பசை காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு, காடியின் அமிலத்தையே ஆவியாக வெளியிட்டு இறுகும் தன்மையது. "இந்த வாசனை சுத்தமா போற வரைக்கும் தொட்டிய தொடக் கூடாது சார். ஒரு வாரம். கஸ்டமர் போன் பண்ணிக்கிட்டேதான் இருப்பாங்க, நான் எடுக்கவே மாட்டேன்" என்றார்.

அடுத்த கொட்டகையில் அவருடைய தங்கை மகன் கல் செய்துகொண்டிருந்தார். கல்லைச் செய்வதாவது என்று நீங்கள் வியக்கக்கூடும், நானும் வியந்தேன். கடல்நீர்த் தொட்டிக்குக் கல் அலங்காரப் பொருளன்று. அதன் எண்ணற்ற நுண்துளைகளில் குடியேறும் பாக்டீரியாக்களே அந்தத் தொட்டியின் ஜீவாதாரம். 1961-ஆம் வருஷத்தில் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர், கடலிலிருந்து உயிர்களோடு எடுத்த கற்களும் மெல்லிய காற்றுக் குமிழிகளும் போதும், வீட்டுத் தொட்டியில் பவளப் பூச்சிகளும் வாழும் என்று தம் அனுபவத்தை எழுதி வெளியிட்டதிலிருந்து, இந்தக் கலை பயில்வோர் பலர் கல்லையே நம்பி வந்திருக்கிறார்கள். ஆனால் நம் நாட்டில் பவளப்பாறையைக் கடலிலிருந்து எடுக்கக் கூடாது. 2001-இல் பாறை கட்டும் பவளங்கள் யாவும் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியும் யானையும் இருக்கும் அதே அட்டவணையில், சேர்க்கப்பட்டன. அது மிக அவசியமான சட்டம் என்பது என் அபிப்பிராயம். மன்னார் வளைகுடாவில் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட 21 தீவுகளில் விலாங்குசல்லியும் பூவரசன்பட்டியும் இன்று நீருக்குள் அமிழ்ந்து கிடக்கின்றன. அலைகளைத் தடுத்து நின்ற பவளத்தைச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்குமாக வெட்டி வெட்டிக் கரையேற்றியது அதற்கு ஒரு முக்கிய காரணம். அந்தத் தீவுகளின் கதி தெரிந்தவன், பவளக்கல் ஒன்றைக் கூடத்தில் வைத்துப் பார்க்க எப்படித் துணிவான்?

ஆகவே அந்த இளைஞர் வெள்ளைச் சிமெண்டையும் பொடித்த சிப்பி ஓட்டையும் கல்லுப்பையும் கலந்து பிசைந்து, ஈரமணலில் பறித்த குழிகளுக்குள் கையாலேயே குடைவும் வளைவும் தந்து வார்த்துக்கொண்டிருந்தார். கலவை இறுகியபின் நீரில் இட்டால் உப்பு கரைந்து வெளியேறும். உப்பு இருந்த இடமெல்லாம் துளையாகும். சிமெண்டின் காரம் அடங்கும்வரை நீரை மாற்றி மாற்றி வாரக்கணக்கில் ஊறப்போட வேண்டும். சுவரோரம் வரிசையாக நின்ற பிளாஸ்டிக் டிரம்கள் மீது சுண்ணாம்புக் கட்டியால் தேதிகள் எழுதியிருந்தன. இரண்டு மாதத்துக்கு முந்தைய தேதியிட்ட டிரம்மிலிருந்து ஒரு கல்லை எடுத்து என் கையில் கொடுத்தார். கனம் குறைவாக, முழுவதும் புழை புழையாக இருந்த அது மனிதன் செய்த கல் என்று எவரும் சொல்லியிருக்க முடியாது. பல தினங்கள் காரநீரில் கிடந்ததால் அவர் விரல் நுனிகளில் தோல் உரிந்திருந்தது. கையுறை போடலாகாதா என்றேன். "போட்டா கல்லோட வளைவு கைக்குத் தெரியாது சார்" என்றார்.

தொட்டி நண்பர் வீட்டு முதல் மாடிக்குப் போய்ச் சேர்ந்த அன்று நால்வர் சுமந்தார்கள். இரும்புச் சட்டத்தின் நான்கு மூலைகளிலும் ரசமட்டம் வைத்துப் பார்த்து, தரையில் இருந்த நூலளவு சரிவையும் தகடு கொடுத்து நேர்செய்து, தெர்மாகோல் விரித்து அதன்மேல் கண்ணாடியை இறக்கினார்கள். கீழே மறைவில் இன்னொரு சிறு தொட்டி. மேல்தொட்டியின் நீர் அதில் வழிந்து, அங்கே ஸ்கிம்மர் என்னும் சாதனத்தில் நுரைக்கப்பட்டு, மோட்டாரால் மறுபடி மேலேறும். வெல்லப்பாகு காய்ச்சும்போது அழுக்கெல்லாம் நுரையோடு மிதந்து வருவதைக் கரண்டியால் அள்ளி எறிகிறோமல்லவா, அதே தத்துவந்தான். கோடிக்கணக்கான நுண்குமிழிகளின் மேற்பரப்பில் நீரிலுள்ள புரதக் கழிவுகள் ஒட்டிக்கொண்டு கறுத்த நுரையாகக் கிண்ணத்தில் சேர்கின்றன.

கடல் ஒரு மணி நேரப் பிரயாணத்தில் இருக்க, நீரை ஏன் செய்ய வேண்டும் என்று கேட்டேன். கரையோர நீரில் கூவமும் அடையாறும் கொண்டுவந்து கொட்டுவதை நீங்களே அறிவீர்கள் என்றும், அன்றியும் மழைக்காலத்தில் வங்கக்கடலின் உப்பே குறைந்துவிடும் என்றும் விடை வந்தது. 1909-இல் மெரினாவில் திறக்கப்பட்டு, இரண்டாம் உலகயுத்த நாட்களில் மூடப்பட்ட மீன் காட்சிசாலை கடலின் மடியிலேயே இருந்தது. இவர்களோ கடலை மாடிக்கு ஏற்ற வேண்டியிருக்கிறது. சவ்வூடு வடித்த சுத்த ஜலத்தை நீல டிரம்மில் நிரப்பி, லிட்டருக்கு 35 கிராம் வீதம் மொத்தம் ஏறக்குறைய 16 கிலோ உப்பை ஒரு நாள் முழுதும் சுழலவிட்டார்கள். அது சமையல் உப்பன்று. சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் இன்னும் பலவும் கடலில் உள்ள விகிதப்படி சேர்ந்த கலவை. இளைஞர் ஒரு துளி நீரை உப்பளவு காட்டும் மீட்டரின் கண்ணாடிமேல் விட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு கண்ணை மூடிப் பார்த்து, "முப்பத்தஞ்சு, சரியா இருக்கு மாமா" என்றார். பெரியவர் அதன் பிறகே வாயில் வெற்றிலை போட்டுக்கொண்டார்.

நீர் நிரம்பியது, விளக்கு எரிந்தது, வீட்டுக் குழந்தைகள் ஓடிவந்தார்கள். "மீன் எப்ப விடுவீங்க அண்ணா?" என்று சிறுமி கேட்டாள். இளைஞர் ஒரு பிளாஸ்டிக் வாளியைத் திறந்து, பல வருஷங்களாக ஓடிக்கொண்டிருக்கும் தம் தொட்டியிலிருந்து நீரோடு எடுத்துவந்திருந்த, ஊதாப் பாசி படர்ந்த ஒரு கல்லைப் புதிய கற்களின் நடுவே வைத்தார். பின்னர் ஓடு உரித்த ஒரு பச்சை இறாலை உள்ளே போட்டார். "பாலுக்கு உறை ஊத்துவாங்கல்ல பாப்பா, அது மாதிரி. இது கடலுக்கு உறை. நாப்பது நாள் ஆகும்" என்றார்.

என் நான்கு மீன்கள் ஏன் செத்தன என்பது அன்று அந்தச் சிறுமிக்குச் சொன்ன விடையில் எனக்குக் கிடைத்தது. இறால் அழுகும், மீன் கழிவும் அழுகும், அவ்வழுகலில் பிறக்கும் அம்மோனியா கண்ணுக்குத் தெரியாத விஷம். அதை நைட்ரைட்டாக்கும் பாக்டீரியா ஒரு வகை, அந்த நைட்ரைட்டை அவ்வளவாகத் தீங்கற்ற நைட்ரேட்டாக்குவது இன்னொரு வகை. இவ்விரண்டும் கல்லின் துளைகளில் பெருகிக் குடும்பமாவதற்கு முன்னால் எவ்வளவு தெளிந்த நீரும் மீனுக்கு நஞ்சே. என் தொட்டியில் உறை ஊற்றப்படவில்லை. பச்சைப் பாலை ஒரு மணி நேரத்தில் தயிராகக் கேட்டவன் நான். ஆம் என்று சொல்லிக் கொடுத்தவரும் இருந்தார்.

அந்த நாற்பது நாட்களில் இளைஞர் ஒன்பது முறை வந்தார். ஒவ்வொரு முறையும் சோதனைக் குழாயில் நீரெடுத்துச் சொட்டு மருந்து விட்டு நிறம் பார்த்தார். முதலில் மஞ்சள், ஐந்தாம் நாள் பச்சை, இரண்டு வாரத்துக்குப் பிறகு பச்சை மங்கி, நைட்ரைட் பார்க்கும் மற்றொரு குழாயில் ஊதா ஏறிற்று, பின்னர் அதுவும் இறங்கிற்று. கற்களில் பழுப்புப் பாசி அருவருப்பாகப் படர்ந்து, தானே உதிர்ந்தது. ஆவியாகிய நீருக்கு ஈடாக உப்பிடாத நீரை மட்டும் தினமும் ஊற்றும்படி வீட்டாருக்குக் கற்றுக்கொடுத்தார். நீர்தான் ஆவியாகிறது, உப்பு அங்கேயே தங்கிவிடுகிறது. இந்த ஒன்பது வருகைகளுக்கும் அவர் சமர்ப்பித்த பில்லில் ஒரு வரியும் இல்லை. கண்ணாடிக்குக் காசு கேட்கலாம், மோட்டாருக்குக் கேட்கலாம், காத்திருந்ததற்கு யார் கொடுப்பார்கள் என்பது அவர்கள் எண்ணம். மிகவும் தேர்ந்த பகுதிக்குக் கூலியே இல்லாத ஒரு தொழிலைப் பார்ப்பது எனக்கு வருத்தமாக இருந்தது. நண்பரிடம் அதைச் சொன்னேன், அவரும் பில்லில் இல்லாத அந்த வரியைத் தாமே சேர்த்துக் கொடுத்தார்.

நாற்பத்திரண்டாம் நாள் இரண்டு கோமாளி மீன்கள் வந்தன. அவை கடலில் பிடித்தவையல்ல, பண்ணையில் பொரித்தவை. மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டபம் மையத்தார் இம்மீனைக் குஞ்சு பொரிக்கச்செய்து வளர்க்கும் வித்தையில் தேர்ந்தவர்கள். தாய் ஓட்டுச் சில்லில் முட்டையிட, தந்தை ஒரு வாரம் இரவுபகலாகத் துடுப்பால் விசிறிக் காக்க, இருள் கவிந்தபின் பொரியும் மிகச் சிறு குஞ்சுகளுக்கு, அவற்றினும் நுண்ணிய ரோட்டிஃபர் என்னும் உயிர்களைத் தனியே வளர்த்து ஊட்ட வேண்டும். ஏறக்குறைய இரண்டு வாரத்தில்தான் வெள்ளைப் பட்டை உடலில் தோன்றும். அங்கேயும் ஆட்கள் உறங்காமல் காத்திருக்கிறார்கள்.

பைநீரில் தொட்டிநீரைச் சன்னக் குழாய் வழியே சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரம் கலந்து, நீரின் சுபாவம் பழகியபின் மீன்களை விட்டார் இளைஞர். குழந்தைகள் கைதட்டினார்கள். பெரியவரும் வந்திருந்தார், அவர் மீன்களின் பக்கம் திரும்பவில்லை, கண்ணாடியின் நான்கு மூலைகளிலும் உலர்ந்த விரலை மேலிருந்து கீழாக ஓட்டி, விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

புறப்படும்போது இளைஞர் நண்பரிடம் சற்றுக் கூச்சத்துடன், "சார், இந்தத் தொட்டி நல்லா புடிச்சுக்கிச்சு. அடுத்த வாரம் பெரம்பூர்ல ஒரு வீட்டுக்கு வேலை இருக்கு. பின்னால இருக்குற சின்னக் கல்லு ஒண்ணு எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டார். நண்பர் சம்மதித்தார். வாளியில் தொட்டிநீரை மொண்டு, அந்தக் கல்லை அதில் முழுக இறக்கி, மூடியைப் போட்டு, மாடிப்படியில் தளும்பாமல் அவர் இறங்கிப் போனார்.