சாம்பலைத் தூக்கிட்டா என்ன மிஞ்சும்?

கருப்பு வெள்ளைன்னாலே நம்ம மக்கள் கும்பிடறது ஆன்சல் ஆடம்ஸைத்தான். கன்னங்கருப்புல இருந்து சுத்த வெள்ளை வரைக்கும் 11 படி. எந்த இடம் எந்தப் படியில விழணும்னு முன்னாடியே கணக்குப் போடறதுதான் அவரோட ஜோன் சிஸ்டம்.

இத்தாலிக்காரர் மரியோ ஜாக்கோமெல்லி (1925-2000) நேர் எதிர். 1960களின் தொடக்கத்துல, சொந்த ஊரான செனிகாலியாவுல, குருமடத்துப் பசங்க பனியில ஆடறதை எடுத்தார். அச்சுல பனியை மொத்தமா வெளுக்க விட்டுட்டார். தரை, சுவர் எதுவும் இல்லை. கருப்பு அங்கிங்க மட்டும் வெள்ளைக் காகிதத்துல மிதக்குது!

பொட்டி தட்டற நமக்கு இது பகீர்னு இருக்கும். ஹைலைட் கிளிப் ஆனா கேமரா கண்ணடிச்சு எச்சரிக்குமே... போன தகவல் திரும்ப வராது. ஆனா இங்க போனது பனியோட சொரசொரப்பு. கிடைச்சது அந்தப் பசங்களோட குதியாட்டம்.

சரி, எங்க பாட்டி படத்துல இதைச் செய்யலாமா? பின்னாடி சுவரும் காலண்டரும் வெளுத்துப் போகட்டும், கவலையில்லை. முகச் சுருக்கம் போனா பாட்டியே போயிடுவாங்களே. ஜாக்கோமெல்லியே முதியோர் இல்லத்துல எடுத்தப்போ, அதே முரட்டு கான்ட்ராஸ்ட்டை வச்சு சுருக்கத்தை இன்னும் ஆழமாத்தான் காட்டினார்.

அதனால பாட்டிக்கு அந்தச் சுருக்கம், காதுத் தோடு. மத்ததெல்லாம் வெள்ளை. உங்க வீட்டுப் படத்துல எதை விட்டுவைப்பீங்க மக்கா?