மூன்று நூல்கள், ஒரு வினா

அண்மையில் மூன்று நூல்களை அடுத்தடுத்து வாசித்து முடித்தேன். உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’, ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’, தொ. பரமசிவனின் ‘பண்பாட்டு அசைவுகள்’ என்பன அவை. தன்வரலாறு, புதினம், பண்பாட்டுக் கட்டுரை என வகைமையால் வேறுபட்ட இவை, ஒருங்கே வைத்துப் பார்க்கையில் ஒரே வினாவை எழுப்பின. நாம் எவற்றைப் படிக்கிறோம், எவற்றைப் படிக்காமலேயே ஆராய்கிறோம் என்பதே அவ்வினா.

‘என் சரித்திரம்’ 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வெளிவந்து, 1942-இல் ஆசிரியர் மறைந்தமையால் முற்றுப்பெறாது நின்றது. பதிப்பு வரலாற்றுக்குச் சான்று தேடுவோர் இதனை ஆங்காங்கே புரட்டுவதே பெருவழக்கு. முழுமையாகப் படிப்போர்க்கு ஒரு கல்வி மரபின் ஆழமும் எல்லையும் சேர்ந்தே புலப்படும். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடங்கேட்டவர், 1880-இல் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியாரிடம் தாம் கற்ற அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் புராணங்களையும் அடுக்கிச் சொல்கிறார். கேட்டவருக்கு அவை போதவில்லை. சீவக சிந்தாமணியைப் பற்றி வினவுகிறார். அவ்வினாவின் விளைவே 1887-இல் வெளிவந்த சிந்தாமணிப் பதிப்பு. வினவியவர் தமிழாசிரியர் அல்லர், முன்சீப் என்பது கருதத்தக்கது. ஒரு பாடமரபின் எல்லை, அம்மரபினுள் இருப்போர் கண்ணுக்கு எளிதில் தென்படுவதில்லை.

1972-இல் நூலாக வெளிவந்த ‘புயலிலே ஒரு தோணி’, இரண்டாம் உலகப்போர்க் காலத்து மேடானிலும் பினாங்கிலும் நிகழ்கிறது. நான் மதிப்பிட்ட ஆய்வேடுகள் இதனைப் புலம்பெயர்வு என்னும் ஒரு தலைப்பிலேயே அடக்கிவிட்டன. என்னைத் தடுத்து நிறுத்தியவையோ, தமிழ்ப் பெருமிதத்தையும் புலமையையும் எள்ளி நகையாடும் உரையாடல்கள். எள்ளுவோர் இலக்கியத்தில் தோய்ந்தவர்கள்; ஆதலின் அவ்வெள்ளலைப் புறந்தள்ள இயலவில்லை. பழம்பாடற் பயிற்சி இல்லாதவருக்கு அந்நகையின் கூர்மை விளங்காது. இக்கால இலக்கிய ஆய்வாளருக்குப் பழந்தமிழ் தேவை என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டுவதில்லை.

உப்பு, எண்ணெய், உரல், உலக்கை என அன்றாடப் பொருள்களைப் பேசுகிறது ‘பண்பாட்டு அசைவுகள்’. சங்கப் பாடலும் கல்வெட்டும் மக்கள் வழக்காறும் இதில் ஒரே பந்தியில் அமர்கின்றன. சில கட்டுரைகள் மிகச் சுருங்கியவை. இன்னும் விரித்துச் சான்று காட்டியிருக்கலாமே என்னும் ஏக்கம் எழுகிறது. எனினும், சமையலறையும் ஆய்வுக்களமே என்று உணர்த்தியமை இந்நூலின் பெரும்பேறு.

சங்கம், காப்பியம், இக்காலம், நாட்டார் வழக்காறு எனத் துறைகளைப் பகுத்தது கற்பித்தல் வசதிக்காக. அப்பகுப்பே வாசிப்பின் வேலியாகிவிட்டால், தன் துறையின் குறையைக் காணும் கண் ஆய்வாளருக்கு வாய்க்காது. முனைவர் பட்ட ஆய்வுக்குப் பதிவு செய்வோரிடம் துணைநூற்பட்டியல் கேட்கிறோம். தம் துறைக்குப் புறத்தே முதலிலிருந்து முடிவுவரை படித்த மூன்று நூல்களைப் பற்றியும் கேட்கலாம். அதற்குமுன், நெறியாளர்களாகிய நாம் அத்தகைய பட்டியலொன்றை எழுதிப் பார்ப்பது முறை.