இன்னும் நாலே நாள்!

பினாங்கில் என் நாத்தனார் வீட்டுச் சமையற்கட்டில் ஒரு பெரிய காலண்டர் தொங்குகிறது. இங்கிலீஷ் தேதி, சீனத் தேதி, தமிழ்த் தேதி எல்லாம் ஒரே கட்டத்துக்குள் போட்டிருக்கும். காலையில் பல் விளக்கிவிட்டு வந்ததும் என் கணவர் அதன் முன்னால் போய் நிற்பார். "இன்னும் நாலே நாள்தான்" என்று பெருமூச்சு விடுவார். நானும் அதே காலண்டரைப் பார்ப்பேன். "இன்னும் நாலு நாள் இருக்கே!" என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வேன். வெளியில் சொல்ல முடியுமா?

எழுதுவதற்கே வெட்கமாகத்தான் இருக்கிறது. கல்யாணமாகி இருபத்தைந்து வருஷத்தில் நாங்கள் இருவர் மட்டும் சேர்ந்து போன முதல் பிரயாணம் அது. அதற்கு முன் பழனிக்குப் போனாலும் திருப்பதிக்குப் போனாலும் பிள்ளைகள், மாமியார், புளியோதரைத் தூக்கு என்று ஒரு படையே கூட வரும். 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்கள் விசா இல்லாமல் மலேசியாவில் 30 நாள் தங்கலாம் என்று ஆனதும், வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டில் இருந்த என் கணவர், "அக்காவைப் பார்த்துவிட்டு வந்துவிடலாம்" என்று ஆரம்பித்துவிட்டார். 2024 ஜூன் கடைசியில் கிளம்பினோம். மொத்தம் 28 நாள். பிளஸ் டூ படிக்கும் மகனையும் கல்லூரிக்குப் போகும் மகளையும் என் அம்மாவிடம் விட்டுவிட்டுப் போனேன். உடம்பு பினாங்கில், மனசு நாகப்பட்டினத்தில். தாய்மார்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் அவரை அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். என் கணவரைவிடப் பதினாறு வயது மூத்தவர். தம்பியை இடுப்பில் வைத்துச் சோறு ஊட்டி வளர்த்தவர். 1970-ல் பினாங்கு மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்டி, 'ரஜூலா' கப்பலில் ஏறினார். அந்தக் கப்பலை எங்கள் ஊரில் தெரியாத பெரியவர்கள் கிடையாது. 1926-லிருந்து 1973 வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று போய்வந்தது. எங்கள் கரைக்குப் பக்கத்தில் பெரிய கப்பல் வர ஆழம் போதாது. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். படகில்தான் ஆட்களைக் கொண்டுபோய் ஏற்றுவார்கள். நாலு வயதுத் தம்பி கரையில் நின்று, "அக்கா அந்தப் படகிலே மீன் பிடிக்கப் போகுது" என்று நினைத்தாராம். சாயந்திரம் வரைக்கும் வீட்டுக்கு வரமாட்டேன் என்று அழுதாராம். இதை மாமியார் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ரஜூலாவுக்குப் பிறகு 'சிதம்பரம்' கப்பல் ஓடியது. 1985-ல் அதில் தீ விபத்து ஏற்பட்டு, அதோடு கப்பல் பிரயாணமே நின்றுபோனது.

இந்த ஐம்பத்து நாலு வருஷத்தில் அண்ணி ஊருக்கு வந்தது மூன்றே தடவை. இரண்டு தடவை சாவுக்கு, ஒரு தடவை எங்கள் கல்யாணத்துக்கு. இப்போது முழங்கால் இரண்டும் தேய்ந்துபோய்விட்டது. வீட்டுக்குள்ளேயே சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார்.

முதல் மூன்று வாரம் எப்படிப் போனது என்றே தெரியவில்லை. ரயிலில் மலையேறிப் பினாங்கு ஹில் பார்த்தோம். அந்த மலை ரயில் 1923-லிருந்து ஓடுகிறதாம். குவீன் தெருவில் மகாமாரியம்மன் கோயிலுக்குப் போனோம். அது 1833-ல் எழுந்த கோயில். லிட்டில் இந்தியாவில் நடந்தால் மல்லிகைச் சரமும் ஊதுவத்தியும் ஒலிபெருக்கிச் சினிமாப் பாட்டுமாக, நம் ஊர்க் கடைத்தெருவை அப்படியே பெயர்த்துக்கொண்டு வந்து வைத்தது போலிருக்கும். அங்கே ரிங்கிட்டை 'வெள்ளி' என்கிறார்கள். காலைப் பலகாரம் சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு, "பசியாறிட்டீங்களா?" என்பார்கள். என்ன அழகான வார்த்தை! நாம்தான் 'டிபன் ஆச்சா' என்று மாற்றிக்கொண்டுவிட்டோம்.

சர்க்கரை வியாதிக்காரர்களோடு போகிறவர்களுக்கு ஒரு விஷயம். அங்கே 'தே தாரிக்' என்று நுரை பொங்க ஆற்றித் தருகிற டீயில் டின் பால் ஊற்றுகிறார்கள். அத்தனையும் இனிப்பு. இவர் முதல் வாரம் ஒரு நாளைக்கு மூன்று டம்ளர் குடித்து, சர்க்கரை ஏறி, கால் எரிச்சல் என்று உட்கார்ந்துவிட்டார். பிறகு அண்ணியின் பேரன் சொல்லிக்கொடுத்தான்: "தே ஓ கொசோங்" என்று கேட்க வேண்டும். பாலும் இல்லாமல் சர்க்கரையும் இல்லாமல் வெறும் டீ வரும். மாத்திரைகளைப் பத்து நாளுக்கு அதிகமாகவே எடுத்துப் போங்கள். டாக்டர் சீட்டையும் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு அது கை கொடுத்தது.

கடைசி நாலு நாளுக்கு வருகிறேன். முதல் நாள் பாலிக் புலாவுக்கு அழைத்துப் போனார்கள். தீவின் பின்பக்கம் அது. ஒரே பச்சை, டுரியான் தோட்டங்களும் ஜாதிக்காய் மரங்களும். டுரியானின் வாசனையை நான் வர்ணிக்கப் போவதில்லை. சாக்கடையா, பாயசமா என்று மூக்கு திண்டாடும். இவர் ஒரு சுளை மட்டும் என்று ஆரம்பித்து என் முறைப்பைப் பார்த்து நிறுத்தினார். ஜாதிக்காயை நாம் கொட்டையாகத்தான் பார்த்திருக்கிறோம். அங்கே அதன் மேல்சதையை ஊறுகாய் போடுகிறார்கள், உலர்த்திச் சர்க்கரையில் போடுகிறார்கள், பிழிந்து சர்பத்தும் செய்கிறார்கள். வெயிலுக்குத் தொண்டையில் குளுகுளுவென்று இறங்குகிறது. ஜாதிக்காய்த் தைலம் நாலு சீசா வாங்கினேன், அம்மாவின் முட்டிக்கு. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். கைக்குழந்தைக்கு உரை மருந்தில் ஜாதிக்காய் இழைக்கிற வழக்கம் நம்மிடம் உண்டு. அதைக் கொடுக்காதீர்கள் என்றுதான் இப்போது குழந்தை டாக்டர்கள் சொல்கிறார்கள்.

மறுநாள் தண்ணீர்மலை. பாலதண்டாயுதபாணி கோயிலுக்கு 513 படி. அண்ணி காரிலேயே உட்கார்ந்துகொண்டார். "எனக்கும் சேர்த்து நீங்க ஏறுங்க" என்றார். விடியற்காலையிலேயே ஏறிவிட்டதால் வெயில் தெரியவில்லை. நூறு படிக்கு ஒருதரம் உட்கார்ந்தோம். மேலே போனால் ஊரும் கடலும் தெரிகிறது. இவர் சாமியைக்கூடச் சரியாகக் கும்பிடவில்லை. சுவர் ஓரமாக நின்று கீழே கார் நிற்கிற இடத்தையே தேடிக்கொண்டிருந்தார்.

"என்ன வேண்டிக்கிட்டீங்க?" என்றேன்.

"முப்பது நாளை அறுபது நாளாக்கச் சொன்னேன்."

எனக்குச் சுருக்கென்றது. "உங்க புள்ளைக்கு இந்த வருஷம் பரீட்சை. அது ஞாபகம் இருக்கா?" என்று கேட்டுவிட்டேன். கோயில் வாசலில் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. இவர் பதிலே பேசவில்லை. இறங்கும்போது 513 படியும் எனக்கு முன்னால் போனார். அன்று முழுக்க அந்த மௌனம் நீடித்தது. நல்ல இடத்தில் இருந்துகொண்டு, நாள் குறைவாக இருக்கிறதென்று தெரிந்துகொண்டே சண்டை போடுவதைப் போல அசட்டுத்தனம் வேறில்லை. ஆனால் கடைசி நாட்களில்தான் சண்டை வருகிறது.

மூன்றாம் நாள் மூட்டை கட்டினோம். ஆளுக்கு இருபது கிலோதான் விமானத்தில். குளியலறைத் தராசைக் கூடத்துக்குக் கொண்டுவந்து பெட்டியை ஏற்றுவதும் இறக்குவதுமாக இருந்தேன். அண்ணி கொடுத்த மைலோ டின்களே ஆறு! இதெல்லாம் இங்கேயே கிடைக்கிறது என்றால் கேட்பதில்லை. "அங்கத்து மைலோ வேற, இங்கத்து மைலோ வேற" என்று அடித்துச் சொல்கிறார். நான் திணறிக்கொண்டிருக்கும்போது, சுவரைப் பிடித்தபடி உள்ளே போய் ஒரு துணி மூட்டையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார்.

பிரித்தால் பித்தளை அஞ்சறைப் பெட்டி. மூடியில் மாமியாரின் பெயர் வெட்டியிருந்தது. ரஜூலாவில் அண்ணியோடு போன பெட்டி. ஐம்பத்து நாலு வருஷம் அதிலிருந்துதான் கடுகு எடுத்துத் தாளித்திருக்கிறார். புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்தார்.

"அண்ணி, இது உங்க மருமகளுக்கு..."

"அவளுக்குப் பிளாஸ்டிக் டப்பாதான் சௌகரியம். இது அம்மா வீட்டு சாமான். நான் கொண்டுபோய்க் கொடுக்கணும்னு நெனச்சிருந்தேன். இனிமே எனக்கு ஆகாது. நீ எடுத்துக்கிட்டுப் போ."

சாதாரணமாகத்தான் சொன்னார், கீரை ஆய்கிற குரலில். எனக்குத்தான் கையெல்லாம் நடுங்கியது. வாங்கிக்கொண்டால் அவர் இனி வரமாட்டார் என்பதை ஒப்புக்கொண்டதாகிவிடும். வாங்காவிட்டால் அவர் மனசு நோகும். இவரைப் பார்த்தேன். இவர் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார். நான் அஞ்சறைப் பெட்டியைப் பெட்டியில் வைத்துத் தராசில் ஏற்றினேன். ஒன்றரைக் கிலோ கூடியிருந்தது. மைலோ டின் மூன்றை எடுத்து வெளியே வைத்தேன். அண்ணி அதற்கு மட்டும் முகத்தைச் சுளித்தார்.

அன்று சாயந்திரம் இவரே, "வா, கொஞ்சம் நடந்துட்டு வரலாம்" என்றார். சியூ ஜெட்டிக்குப் போனோம். கடலுக்குள் மரக்கால் நட்டு, அதன்மேல் பலகை போட்டு வீடு கட்டியிருக்கிறார்கள். எல்லாம் சியூ என்கிற ஒரே குலத்துச் சீனக் குடும்பங்கள். ஜார்ஜ் டவுனை 2008-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்ததால் இந்த வீடுகளையும் பாதுகாக்கிறார்கள். பலகைப் பாதையின் கோடியில் போய் உட்கார்ந்தோம். தூரத்தில் ஃபெரி போய்வந்துகொண்டிருந்தது. கீழே தண்ணீர் மரக்காலில் மோதுகிற சத்தம்.

"உனக்கு வீட்டு ஞாபகம் வந்துடுச்சு. எனக்குத் தெரியுது" என்றார்.

"உங்களுக்கு இங்கேதானே வீடு இருக்கு" என்றேன். கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படித்தான் தோன்றியது. பத்து மணிக்குச் சாப்பாடு தாமதமானால் முகம் சுளிக்கிற மனுஷர், அங்கே அக்கா உருட்டிக் கொடுத்த தயிர் சாத உருண்டையைக் கை நீட்டி வாங்கிச் சாப்பிட்டார். அம்பத்தெட்டு வயதில்! இருபத்தைந்து வருஷம் இவரோடு குடித்தனம் பண்ணியும், இவர் ஒருவருக்குத் தம்பி என்று எனக்குத் தெரியாமலே போயிருக்கிறது.

இருட்டுகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தோம். எழுந்திருக்கும்போது பலகை ஆடியது. கையைப் பிடித்துக்கொண்டார். தெருவுக்கு வந்த பிறகும் விடவில்லை. நம் ஊர் என்றால் நான் இழுத்துக்கொண்டிருப்பேன்.

கிளம்புகிற நாள் காலை கோலாலம்பூருக்கு ரயில். ரயில் அக்கரையில் பட்டர்வொர்த்திலிருந்து புறப்படுகிறது. 1985-ல் திறந்த பாலம் இருக்கிறது; காரிலேயே போயிருக்கலாம். அண்ணிதான், "ஃபெரியில போங்க. நான் கரையில நின்னு பார்க்கிறேன்" என்றார். பேரன் நாற்காலியோடு அழைத்து வந்தான். அண்ணி அழவில்லை. இவர் சட்டைப் பித்தானைச் சரிசெய்தார். "மாத்திரையை மறக்காதே" என்றார். என்னிடம், "அந்த வெந்தயக் கிண்ணம் மட்டும் கொஞ்சம் லூசு, பாத்துக்க" என்றார். அவ்வளவுதான்.

ஃபெரி நகர்ந்தது. இவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கரையில் நீலப் புடவை சிறிதாகிக்கொண்டே போயிற்று. "அன்னிக்கு நான் கரையில நின்னேன், அக்கா படகுல போச்சு" என்று மட்டும் சொன்னார். கால் மணி நேரத்துக்குள் அக்கரை வந்துவிட்டது. வீட்டுக்குப் போகிறோம் என்று துள்ள வேண்டிய நான்தான் ரயிலில் ஏறியதும் விக்கி விக்கி அழுதேன். இவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார்.

கோலாலம்பூர் ஸ்டேஷனில் இறங்கும்போதே போன். மணி மத்தியானம் மூன்று. எடுத்த எடுப்பில் அண்ணி கேட்டது, "பசியாறிட்டீங்களா?"

இப்போது அந்த அஞ்சறைப் பெட்டியில்தான் தாளிக்கிறேன். வெந்தயக் கிண்ணம் நிஜமாகவே லூசுதான், தூக்கினால் கவிழ்கிறது. ஞாயிற்றுக்கிழமை தோறும் போன் வருகிறது. முதலில் தம்பியோடு பேசுவார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "நிஜத்தைச் சொல்லு, சர்க்கரை எவ்வளவு இருக்கு?" என்று கேட்பார்.

எதிர்வீட்டு அம்மாவிடம் மாசச் சீட்டு ஒன்று போட்டிருக்கிறேன். இரண்டு டிக்கெட்டுக்கு வரும். மகன் பரீட்சை எல்லாம் முடிந்தாயிற்று. இவரிடம் இன்னும் சொல்லவில்லை. இதில் எழுதிவிட்டேனே என்று பயமில்லை; பெண்கள் பத்திரிகையை இவர் தொடுவதே கிடையாது.