கணுவொன்றிற்குத் தாய் ஒன்றே

சென்ற விடுமுறையில் எமது கல்லூரி நூல்நிலையத்துப் பழைய நூற்பட்டியலைக் கணினியில் ஏற்றும் பணி எம்பால் ஒப்புவிக்கப்பட்டது. அட்டைப் பெட்டிகளில் துயின்றிருந்த அப்பட்டியலை எக்ஸ்.எம்.எல். என்னும் முறையில் எழுதத் துணிந்தோம். 1998-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் நிலைபெற்ற இம்முறையில், ஒவ்வொரு செய்தியும் தொடக்கக் குறிக்கும் முடிவுக் குறிக்கும் இடையே நிற்கும். ஒன்றனுள் ஒன்றாக அவை அடங்குவதனால் ஆவணம் முழுவதும் ஒரு மரமாகின்றது. எமது மரத்தின் வேர் 'நூலகம்', அதன் கிளைகள் 'துறை', துறைதோறும் 'நூல்'கள், நூலினுள் பெயரும் ஆசிரியரும் ஆண்டும். வேர் ஒன்றே இருத்தல் வேண்டுமென்பது விதி.

பெருகிய மரத்தைக் கையால் திருத்துதல் அரிதாகலின், ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் நிரல் எழுதினோம். புதுக் கணுவைச் சேர்த்தல் இரு படிகளில் நிகழும். முதற்கண் 'கிரியேட் எலிமென்ட்' என்னும் ஆணையால் அதனைப் படைத்தல் வேண்டும். அந்நிலையில் அஃது எங்கும் ஒட்டாது தனித்து நிற்கும். பின்னர் 'அப்பெண்ட் சைல்ட்' என்னும் ஆணை அதனைத் தாய்க்கணுவின் கடைசிச் சேயாக இணைக்கும். குறித்த ஓர் உடன்பிறப்பிற்கு முன்னே வைக்க விரும்புவோர்க்கு 'இன்சர்ட் பிஃபோர்' உதவும்.

இம்மட்டும் கற்ற எமக்குச் செருக்கு மிகுந்தது. கால்டுவெல் ஐயர் 1856-இல் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எமது பட்டியலில் 'இலக்கணம்' என்னும் துறையில் இருந்தது. அதனை 'மொழிநூல்' துறையிலும் காட்ட எண்ணி, அக்கணுவையே எடுத்து அங்கே இணைத்தோம். பிழைச் செய்தி யாதும் எழவில்லை. சில நாட்களின் பின் ஒரு மாணவர் இலக்கணத் துறையில் அந்நூலைத் தேடிக் காணாது, நூல்நிலையத்தில் அஃது இல்லையென நம்பி வெறுங்கையராய்த் திரும்பினார். நூலோ அலமாரியிலேயே இருந்தது!

காரணத்தை ஆராய்ந்தோம். இம்மரத்தில் ஒரு கணுவிற்குத் தாய் ஒன்றே. முன்னமே ஓரிடத்தில் உள்ள கணுவை வேறிடத்தில் சேர்ப்பின், பழைய இடத்தினின்று அது தானே நீங்கிவிடும். ஆதலின் சேர்த்தலும் பெயர்த்தலும் ஒரே ஆணையின் செயல்களாம். யாம் சேர்த்ததாக எண்ணியது பெயர்த்ததாய் முடிந்தது.

பிறிதொரு நாள் இதனினும் பெரிய இடர் நேர்ந்தது. 'பல்வகை' என்னும் துறையிலிருந்த 40 நூல்களையும் 'வரலாறு' துறைக்கு மாற்ற, முதல் எண் தொடங்கி ஒவ்வொன்றாக எடுத்து வைக்குமாறு நிரல் இயற்றினோம். 20 நூல்களே சென்றன. சேய்களின் நிரை உயிருள்ள நிரை. ஒன்று வெளியேறியவுடன் ஏனையவை ஓரிடம் முன்னேறுகின்றன. எமது எண்ணோ அடுத்த இடத்திற்குத் தாவுதலால், ஒன்றுவிட்டு ஒன்று தப்பியது. முதற்சேய் உள்ளவரையில் அம்முதற்சேயையே பெயர்க்க என்று ஆணையை மாற்றியபின் யாவும் ஒழுங்காகச் சென்றன.

பைத்தான் மொழியின் 'எலிமென்ட் ட்ரீ' என்னும் கருவியில் நிலை வேறு. அங்கே உறுப்பு தன் தாயை அறியாது. ஆகவே ஒன்றே இரு கிளைகளில் தொங்கும். ஓரிடத்தில் திருத்தினால் மற்றோரிடத்திலும் திருத்தம் தோன்றும். பெயர்க்க விரும்புவோர் பழைய இடத்தினின்று தாமே நீக்குதல் வேண்டும்.

இனி, அவ்வொப்பிலக்கணத்திற்கு என் செய்வது? 'குளோன் நோட்' என்னும் ஆணையால் உள்ளடக்கத்துடன் படியெடுத்து இரு துறைகளிலும் வைக்கலாம். ஆயின் படி வேறு, மூலம் வேறு. ஒன்றில் செய்த திருத்தம் மற்றொன்றை எட்டாது. பல நாள் சிந்தித்தபின் பழைய அட்டைகளையே மீண்டும் புரட்டினோம். அவற்றுள் ஒன்றில், மங்கிய மையினால், 'இலக்கணம் காண்க' என்று ஒருவர் எழுதி வைத்திருந்தார். நூலை ஓரிடத்தில் இருத்தி, மற்றோரிடத்தில் வழிகாட்டும் குறிப்பொன்றை வைத்தலே அப்பெரியார் கண்ட முறை. நூலை இலக்கணத் துறைக்கே மீட்டு, ஒவ்வொரு நூலுக்கும் ஓர் அடையாள எண் அளித்து, மொழிநூல் துறையில் அவ்வெண்ணைச் சுட்டும் சிறு கணுவொன்றைச் சேர்த்தோம்.

அம்மாணவரை மறுவாரம் அழைத்து நூலைக் கையிற் கொடுத்தோம். பிழைச் செய்தி எழாமையே பிழையின்மைக்குச் சான்றாகாது என்பதனை அன்று தெளிந்தோம். அதுமுதல், எதனைப் பெயர்த்தாலும், போய்ச் சேர்ந்த இடத்தை மட்டுமன்றி விட்டு நீங்கிய இடத்தையும் எண்ணிப் பார்த்தல் எமக்கு வழக்கமாயிற்று.