ஷரெஸுக்கு ஒரு முழம் பூ

வெள்ளிக்கிழமை ராத்திரி பங்சாரில் ஒரு நண்பன் வீட்டில் ஐந்து பேர் கூடுவோம். மேகி கோரெங், தே தாரிக், பகடை. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். போன மாதம் என் கதாபாத்திரம் செத்துப்போனது. "நீ ஷரெஸோட பூசாரியா வாயேன்" என்றார்கள்.

ஷரெஸ், அந்தக் கற்பனை உலகில் இன்பத்தின் தெய்வம். பூனைகளுக்குப் பிரியமானவள். விருந்து, இசை, உடல் சுகம் எல்லாமே அவளுக்குப் பூசைதான். 2023-இல் வந்த பால்டர்ஸ் கேட் 3 ஆடியவர்களுக்கு அவள் பெயரில் இருக்கும் விடுதி ஞாபகம் வரும்.

"சரி, உன் பூசாரி காலைல எழுந்ததும் என்ன செய்வா?" என்று டன்ஜன் மாஸ்டர் கேட்டான்.

"குளிச்சிட்டு... விரதம் இருப்பா."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்புதான். ஆனால் வேறெதுவும் தோன்றவில்லை. பத்துமலைக்குப் பால்குடம் எடுத்து வளர்ந்தவள் நான். சாமி என்றால் எதையாவது விடணும்.

நம்மிடம் இன்பத்தின் தெய்வங்கள் இல்லாமல் இல்லை. சிலப்பதிகாரத்தில் காமவேள் கோட்டத்தில் தொழுதால் கணவன் திரும்புவான் என்று தேவந்தி சொல்கிறாள். அது பெருமையில்லை என்று கண்ணகி மறுத்துவிடுகிறாள். இலங்கை மலையகத்துக் காமன் கூத்தில் மன்மதன் எரிகிறான், ரதி அழுகிறாள். பிறகு உயிர் வந்தாலும் அவன் அவள் கண்ணுக்கு மட்டும்தான் தெரிவான். நாம் ஊர்கூடிப் பார்க்கிற ரதி, தாலியறுத்து அழுகிற ரதி.

ஷரெஸுக்கும் ஒரு கெட்ட காலம் உண்டு. இழப்பின் தெய்வமான ஷார் அவளைக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கப் பார்த்தாள். காதல் தெய்வமான சூனிதான் இழுத்துக் காப்பாற்றினாள். அதைப் படித்தபோது அம்மா ஞாபகம் வந்தது.

அப்பா போய் ஐந்து வருஷம். அம்மா பூ வைப்பதில்லை. யாரும் வைக்காதே என்று சொல்லவில்லை, வைத்துக்கொள் என்றும் சொல்லவில்லை. நானும்தான்.

சனிக்கிழமை பிரிக்ஃபீல்ட்ஸ் பூக்கடையில் வழக்கம்போல ஒரு முழம் மல்லிகை வாங்கினார். "உங்களுக்கும் ஒண்ணு வாங்கட்டுமாம்மா?" என்றேன்.

"எனக்கெதுக்கு? சாமிக்குப் போதும்."

சாமிக்கு வாங்கிய பூவை முகரக்கூடாது. அப்படியென்றால் ஐந்து வருஷமாகக் கையில் பூவோடு வீடு வருகிற அம்மா, ஒரு தடவைகூட அதை முகர்ந்ததில்லை! எல்ஆர்டி நிலையம் வரை போய்விட்டுத் திரும்பி வந்து இன்னொரு முழம் வாங்கினேன். வீட்டில் அம்மாவின் டீ டம்ளர் பக்கத்தில் வைத்தேன். "இது சாமிக்கு இல்ல."

அம்மா ஒன்றும் பேசவில்லை. தலையில் வைக்கவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், மூக்கருகே பிடித்தபடி கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். டீ ஆறிப்போயிருந்தது.

அடுத்த வெள்ளி அதே கேள்வி வந்தது. பூசாரி காலையில் எழுந்ததும் என்ன செய்வாள்?

"பூவை முகர்ந்து பார்ப்பா," என்றேன். "சாமிக்கு வைக்கிறதுக்கு முன்னாடி."