ஈ.சி.ஆர். ரேஞ்சர்ஸ்!

இருபது முகம் உள்ள ஒரு பகடை, நாலு ஃப்ரெண்ட்ஸ், கதையை நடத்த ஒருத்தர். 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட இவ்வளவு போதும். ஹாஸ்டல் ரூமே காடாகிடும், கட்டில் மலையாகிடும். ஒருத்தர் மந்திரவாதி, ஒருத்தர் வாள்வீரர், ஒருத்தர் பூட்டு உடைக்கிற கில்லாடி. கடைசியா, கேங்குலேயே அமைதியான ஒரு ஆள் மெதுவா கையைத் தூக்குவார்: "நான் ரேஞ்சர்!"

ஃபாரஸ்ட் ஆபீஸ்ல இருக்கிற ரேஞ்சர் சார் இல்லைங்க. இவர் வேற!

இந்த ரேஞ்சர் காட்டோட ஆள். ஈர மண்ணைப் பார்த்தே எத்தனை பேர் போனாங்க, எப்போ போனாங்கன்னு சொல்லுவார். பச்சிலை தெரியும். சருகு மேல சத்தமில்லாம நடப்பார். 1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் இந்த விளையாட்டை அறிமுகப்படுத்தினாங்க. அடுத்த வருஷமே ரேஞ்சர் உள்ளே வந்துட்டார். 1978-ல் வந்த விதிப்புத்தகத்தில் நிரந்தர இடமும் கிடைச்சது. டோல்கீனோட 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' அரகார்ன்தான் இவருக்குத் தாத்தா. 2023-ல் வந்த 'பால்டர்ஸ் கேட் 3' வரைக்கும் பேரன் பேத்திகள் வந்தாச்சு.

இப்போ மேட்டருக்கு வருவோம். அதே 1978-ல், நம்ம ஈ.சி.ஆர். ஓரத்தில் இன்னொரு ரேஞ்சர் குரூப் ரிஜிஸ்டர் ஆச்சு. அவங்ககிட்ட பகடை கிடையாது. கடப்பாரை உண்டு. பெயர்: இருளர் பாம்பு பிடிப்போர் தொழில் கூட்டுறவுச் சங்கம்!

ரூட் மேப்

சென்னையிலிருந்து மாமல்லபுரம் போற ரோடு. சுமார் 40-வது கிலோமீட்டரில் வடநெம்மேலி. 1976-ல் ரோமுலஸ் விட்டேகர் ஆரம்பிச்ச முதலைப் பண்ணை இங்கேதான். முதலைகளோட செல்ஃபி எடுத்துட்டு அப்படியே பஸ் ஏறிடாதீங்க. அதே வளாகத்துக்குள்ளேயே இருக்கு, நாம தேடி வந்த இடம்.

வரிசையா மண்பானைகள். வாயில் துணி கட்டியிருக்கும். உள்ளே மோர், பானகம்னு நினைச்சா... ஸாரி பாஸ்! நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன். இந்தியாவில் அதிகமா உயிரைக் குடிக்கிற நாலு பேரும் ஒரே கூரைக்குக் கீழே.

இந்தப் பாம்புகளைச் செங்கல்பட்டு சுற்றுவட்டார வயல் வரப்பு, ஏரிக்கரை, முள்ளுக்காடு, கல்லுக்குன்றுகளிலிருந்து பிடிச்சு வர்றவங்க இருளர்கள். ஒவ்வொரு பாம்புகிட்டேயும் சுமார் மூணு வாரத்தில் நாலு தடவை விஷம் எடுப்பாங்க. அப்புறம் அடிவயிற்றுச் செதிலில் சின்னதா ஒரு அடையாளம் வெட்டி, திரும்பக் காட்டிலேயே விட்டுடுவாங்க. அடையாளம் இருக்கிற பாம்பு மறுபடி சிக்கினா, "நீ ஏற்கெனவே வந்துட்டுப் போனவன், கிளம்பு!"

அந்த விஷம் பொடியாகி, மருந்து கம்பெனிகளுக்குப் போகுது. அங்கே குதிரைகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி, அதோட ரத்தத்தில் உண்டாகிற எதிர்ப்புப் பொருளைப் பிரிச்சு, பாம்புக்கடி மருந்து தயாரிக்கறாங்க. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் செத்தவங்க சுமார் 12 லட்சம் பேர்னு ஒரு ஆய்வு கணக்குப் போட்டுச்சு. வருஷத்துக்குச் சராசரியா 58,000. நாட்டோட மருந்துக்குத் தேவையான விஷத்தில் பெரும்பகுதி பல வருஷமா இந்தப் பானைகளிலிருந்துதான் போயிருக்கு. ராஜஸ்தானில் ஒரு விவசாயி உயிர் பிழைச்சா, அதில் செங்கல்பட்டு வரப்பில் நடந்த ஒரு இருளரோட பங்கு இருக்கலாம்!

பகடை உருட்டாத வித்தை

கேம்ல ரேஞ்சர் தடம் பார்க்கணும்னா பகடையை உருட்டணும். நல்ல நம்பர் விழுந்தா தடம் தெரியும். விழலைன்னா தெரியாது. அதிர்ஷ்டம்!

இங்கே அதிர்ஷ்டத்துக்கு வேலை இல்லை. எலி வளை வாசலில் மண் வழவழன்னு தேய்ஞ்சிருக்கா? உரிச்ச சட்டை ஒட்டியிருக்கா? எச்சம் பழசா, புதுசா? வளை வாயில் சிலந்தி வலை கிழியாம இருந்தா, சமீபத்தில் யாரும் உள்ளே போகலை. இதையெல்லாம் நாலு செகண்ட்ல படிச்சுட்டு, அடுத்த வளைக்குப் போயிட்டே இருப்பாங்க. அப்பா அம்மா பின்னாடி சின்ன வயசிலிருந்து நடந்து நடந்து வர்ற படிப்பு இது. பச்சிலையும் இந்த சிலபஸ்ல உண்டு. திருக்கழுக்குன்றம் பக்கம் தண்டரையில் இருளர் பெண்களோட நலச் சங்கம் மூலிகைகளை வளர்த்து வர்றது அந்த அறிவை வெச்சுத்தான்.

இந்த அறிவை உலகமே ஒரு தடவை டெஸ்ட் பண்ணிப் பார்த்துச்சு. அமெரிக்காவில் ஃபுளோரிடா சதுப்பு நிலத்தில், யாரோ வளர்த்து விட்ட பர்மிய மலைப்பாம்புகள் பெருகி, அங்கிருந்த விலங்குகளைக் காலி பண்ணிட்டு இருந்துச்சு. 2016-ல் ஒரு மாசம் போட்டி வெச்சாங்க. சுமார் 1,000 பேர் இறங்கிப் பிடிச்சது 106 பாம்பு. ஆளுக்கு ஒண்ணுகூட இல்லை!

2017 ஜனவரி. செங்கல்பட்டு பக்கத்து இருளர்கள் மாசி சடையனும் வடிவேல் கோபாலும் ஃப்ளைட் ஏறினாங்க. தெரியாத நாடு, தெரியாத புதர். ரெண்டு வாரத்துக்குள்ள 13 மலைப்பாம்பு! அதில் ஒண்ணு 16 அடி நீளம். பழைய ஏவுகணைத் தளம் ஒண்ணுல பதுங்கியிருந்தது. ஊரு மாறினாலும் தடம் படிக்கிற கண்ணு மாறலை. 2023-ல் ரெண்டு பேருக்கும் பத்மஸ்ரீ கிடைச்சது.

லெவல் ஏறாத ரேஞ்சர்

இங்கேதான் கொஞ்சம் சீரியஸாகணும் ஃப்ரெண்ட்ஸ்.

கேம்ல ஒவ்வொரு வேட்டைக்கும் பாயின்ட் ஏறும், லெவல் ஏறும். நிஜத்தில் இருளர்களுக்கு நடந்தது தலைகீழ். ஒரு காலத்தில் பாம்புத் தோல் வியாபாரம்தான் அவங்களுக்குச் சோறு போட்டுச்சு. தோல் ஏற்றுமதியில் லாபம் பார்த்தது வேற ஆளுங்க. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1976-ல் தோல் ஏற்றுமதித் தடை. பாம்புக்கு நல்லதுதான். ஆனா, தலைமுறையா கத்துக்கிட்ட வித்தை ஒரே நாள்ல குத்தமாகிடுச்சு. கொல்லாம, விஷம் மட்டும் எடுத்துப் பிழைக்கலாம்னு ஒரு வழி போட்டுக் கொடுத்ததுதான் 1978 சங்கம். வேட்டைக்காரரைக் காவல்காரரா மாத்தின ஐடியா. எத்தனை பாம்பு பிடிக்கலாம்னு அரசாங்கம்தான் அனுமதி தரணும். அந்தப் பேப்பர் வந்தாத்தான் அடுப்பு எரியும்.

சங்கத்தில் இருக்கிறவங்க சில நூறு பேர்தான். வெளியே இருக்கிற இருளர்களில் பல பேருக்குச் செங்கல் சூளை, அரிசி ஆலை, கூலி வேலை. தமிழ்நாட்டில் மிகவும் நலிந்த பழங்குடிகள்னு அரசு பட்டியல் போட்ட 6 சமூகங்களில் இவங்களும் ஒண்ணு. ஆனா, ஒரு பிள்ளை காலேஜ் சேர சாதிச் சான்றிதழ் வாங்க ஆபீஸ் ஆபீஸா அலையணும். 2021-ல் 'ஜெய் பீம்' பார்த்துட்டு நாம தியேட்டர் இல்லாமலே கண்ணைத் துடைச்சோமே, அந்த வலி இங்கே ரோட்டோரத்தில் இருக்கு. அவங்க நடந்த புதர்க்காடெல்லாம் வேலி போட்ட பிளாட்டா மாறிட்டு வருது. காடு போனா, அதைப் படிக்கிற கண்ணும் போயிடும். அதுக்கு ரீஸ்டார்ட் பட்டன் கிடையாது.

மேஜையில் கற்பனை ரேஞ்சருக்கு நாம கொடுக்கிற மரியாதையில் பாதியை, பஸ்ல பக்கத்து சீட்ல கடப்பாரையோட உட்கார்ந்திருக்கிற நிஜ ரேஞ்சருக்குக் கொடுக்கறோமா? கேள்வி அவ்வளவுதான்.

கடற்கரையில் ஒரு ராத்திரி

வடநெம்மேலியிலிருந்து தெற்கே சுமார் 15 கி.மீ. போனா மாமல்லபுரம். அர்ச்சுனன் தபசு பாறைக்கு முன்னாடி நில்லுங்க. நடுவில் இருக்கிற பிளவைப் பாருங்க. நாகராஜனும் நாகினியும் கைகூப்பி மேலே வந்துட்டு இருக்காங்க. பல்லவச் சிற்பி பாம்புக்குக் கொடுத்த இடம் அது!

மாசி மகம் பௌர்ணமி சமயம்னா இன்னும் விசேஷம். பல மாவட்டத்து இருளர்கள் குடும்பம் குடும்பமா இந்தக் கடற்கரைக்கு வருவாங்க. புடவையைக் கட்டி மணல்லேயே கூடாரம் போட்டு, தங்களோட தெய்வம் கன்னியம்மனைக் கும்பிடுவாங்க. கல்யாணம், குழந்தைக்குப் பேர் வைக்கிறதுன்னு எல்லாம் அலையோரத்தில் நடக்கும். கேமராவைத் தூக்கிட்டு மூஞ்சிக்கு நேரா ஓடாதீங்க. அது அவங்க வீட்டு விசேஷம். நாம விருந்தாளி.

அடுத்த தடவை ரேஞ்சர் ஆடறப்போ, உங்க கேரக்டர் ஷீட்ல வில்லுக்கு முன்னாடி மூணு விஷயம் எழுதிக்கோங்க. பொறுமை. தேவைக்கு மேல எடுக்காத கை. எடுத்ததைத் திரும்ப விட்டுட்டு வர்ற மனசு. அப்புறம் ஒரு முக்கியமான எச்சரிக்கை: இதைப் படிச்சுட்டு வளைக்குள்ள கையை விடற ஹீரோயிசம் வேண்டாம். கடிபட்டா கட்டு, கீறல், மந்திரம்னு டைம் வேஸ்ட் பண்ணாம நேரா ஆஸ்பத்திரி.

அங்கே உங்களுக்கு ஏத்தற மருந்து பாட்டிலில் யார் பேரும் இருக்காது. இருந்தாலும் இனி உங்களுக்குத் தெரியும், அது எந்த வரப்பிலிருந்து கிளம்பி வந்ததுன்னு!